பால்வாடிக்குப் போற வழியே ஒரு பாடம்



சேமிப்பு, கடன், கணக்குப் பதிவேடு என்று பல பாடங்களை நாம் குழுவில் படித்துவிட்டோம். இந்த மாதப் பாடம் வேறு. நம் வீட்டில் ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளை வெளியே நடத்திக் கூட்டிப்போய், போகிற வழியிலேயே அவர்கள் கற்றுக்கொள்ள எப்படி உதவலாம் என்று பார்க்கப்போகிறோம். வழக்கம்போல நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வரலாம். நடுவில் பேசத் தோன்றினால் நிறுத்திப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டும் என்பதில்லை.

இந்தப் பாடம் எதுக்கு?

மே, ஜூன் மாதம் வந்தால் உள்கடன் கேட்கிறவர்களில் பலர் சொல்கிற காரணம் பிள்ளை படிப்பு. அதில் காலேஜ் படிப்பும் உண்டு, மூணு வயசுப் பிள்ளையின் எல்.கே.ஜி. ஃபீஸும் உண்டு. கடன் கேட்பது தப்பில்லை. ஆனால் ஏன் என்று கேட்டால், "பால்வாடியில சும்மா விளையாட விடுறாங்கக்கா, நோட்டுல ஒரு எழுத்து எழுதலையே" என்கிறார்கள். நோட்டில் எழுதினால்தான் படிப்பு என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதும் நமக்குத் தெரியும். குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடவே கற்றுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். எழுத்து இல்லாமல் பட்ட பாடு மறக்குமா? அதனால் பிள்ளை கையில் பென்சிலைப் பார்த்தால்தான் நமக்கு மனசு ஆறுகிறது.

ஆனால் அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அவற்றில் பல இன்னும் எலும்பாகவே ஆகியிருக்காது, குருத்தெலும்பாக இருக்கும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுது என்றால் கை வலிக்கும். வலித்தால் அழும். அழுதால் அடி. இப்படித்தான் படிப்பு என்றாலே ஒதுங்குகிற பிள்ளைகள் உருவாகிறார்கள். அந்த வயதில் அந்தக் கை கேட்பது வேறு. மண்ணைப் பிசையணும், சின்னக் கல்லை இரண்டு விரலால் எடுக்கணும், இலையைக் கிழிக்கணும், குச்சியால் தரையில் கோடு போடணும். இதெல்லாம் செய்த விரல்தான் பின்னாடி பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கும். நம் தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஈர மணலில் குச்சியால் சுழி சுழியாகப் போடுகிற பிள்ளை 'அ' எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தலையும் அப்படித்தான். ஐந்து வயதுக்குள் பிள்ளையின் மூளை, வளர்ந்த ஆளின் மூளை அளவில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அந்த வளர்ச்சிக்குச் சத்துமாவும் முட்டையும் கீரையும் வேண்டும். அதோடு பேச்சும் வேண்டும். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டு, அதைப் பற்றி ஒரு பெரிய ஆளோடு பேசுகிற பிள்ளைக்கு அறிவு விரிகிறது.

எல்.கே.ஜி.யில் சேர்க்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அது அவரவர் வீட்டு முடிவு. எங்கே சேர்த்தாலும் சரி, பால்வாடிக்கு அனுப்பினாலும் சரி, இந்தப் பாடத்தில் சொல்கிற வேலையை நாம் செய்யலாம். இதற்கு உள்கடன் எதுவும் தேவைப்படாது.

இது ஒன்றும் புதுசு இல்லை

மகாராஷ்டிர மாநிலத்தில் கடற்கரையோரம் போர்டி என்று ஒரு ஊர். 1945-இல் தாராபாய் மோடக் என்ற அம்மையார் அங்கே சின்னப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் என்பவர் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். கட்டடம் கட்டிப் 'பிள்ளைகளே வாருங்கள்' என்றால் ஆதிவாசிக் குடும்பத்துப் பிள்ளைகள் வரவில்லை. அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள், பெரிய பிள்ளை ஆடு மாடு மேய்க்கும், சின்னதை அதுவே தூக்கிக்கொண்டு திரியும். அதனால் அந்த அம்மையார்கள் பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போனார்கள். குடியிருப்பு முற்றத்தில், மரத்தடியில், மாடு மேய்கிற வெளியிலேயே பாடம். கிடைக்கிற கல், இலை, ஓடு, விதை இவைதான் பாடப்பொருள். முற்றத்தில் நடந்த பள்ளி என்பதால் அங்கன்வாடி என்ற பெயர் வந்தது. அங்கண் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கும் இதே பெயர்தான். ஆக, பால்வாடியில் பிள்ளை மண்ணில் விளையாடினால் டீச்சர் வேலை செய்யவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு செய்தி உண்டு. குழந்தைக் கல்வியில் உலகமே மதிக்கிற மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டுக்காரர். 1939-இல் சென்னைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்ததால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டு போலக் கொடைக்கானலில் தங்கியிருந்தார். செடி கொடி, பூச்சி, பூமி பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முறைகளை அங்கேதான் பெரிதாக வளர்த்தெடுத்தார். கொடைக்கானல் மலையில் கிடைத்த இலையும் பூச்சியும்தான் அவருக்குக் கருவி. நம் ஊரில் அதைவிடக் குறைவாகவா இருக்கிறது?

எங்கே நடப்பது?

நடைப்பயிற்சி என்றதும் டவுன் பூங்காவும் பூட்ஸும் ஞாபகம் வரும். நமக்கு அது வேண்டியதில்லை. பால்வாடிக்குப் போகிற வழி, ரேஷன் கடைக்குப் போகிற வழி, ஊருணிக் கரை, கோயில் மரத்தடி, அறுப்பு முடிந்த வயல் வரப்பு எல்லாமே நடக்கிற இடம்தான். ஊராட்சிப் பூங்கா உள்ள ஊராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அங்கே போனால் ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டிவிட்டுத் திரும்புவதோடு நிற்காதீர்கள். பெஞ்சுக்கு அடியில், வேலி ஓரத்தில், தண்ணீர்க் குழாய் சொட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளை குனிந்து பார்க்கட்டும்.

தனியாக நேரம் ஒதுக்க முடியாது என்று நீங்கள் சொல்வது எங்களுக்குத் தெரியும். களை எடுத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்புப் பற்றவைக்கிற உடம்புக்கு நடை ஒரு கேடா என்று தோன்றும். அதனால்தான் போகிற வழி என்று சொல்கிறோம். பத்து நிமிடத்தில் போகிற தூரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். வாரத்தில் இரண்டு நாள் முடிந்தால் போதும். அம்மாவால் முடியாவிட்டால் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா கூட்டிப் போகலாம். அப்பாக்களும் போகலாம், அவர்களுக்கும் கால் இருக்கிறது.

இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பது இதில் சேராது. கை பிடித்து, பிள்ளை வேகத்தில் போகணும். இரண்டு வயசுப் பிள்ளை நாலு எட்டு நடக்கும், நிற்கும், குனியும், எதையோ எடுக்கும், திரும்பிப் பின்னாலேயே போகும். பெரியவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அது நிற்கிற இடத்தில்தான் அதற்குப் பாடம் நடக்கிறது. "வா வா, நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டு போனால் தூரம் மட்டும்தான் முடியும்.

என்ன பேசுவது?

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

பல சகோதரிகள் சொல்கிறார்கள்: "எனக்கே எழுத்துத் தெரியாது, நான் என்னத்தச் சொல்லித்தர?" இப்படிச் சொன்ன ஓர் அக்காவிடம், உங்கள் வீட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவில் என்னென்ன செடி இருக்கிறது என்று கேட்டோம். வேம்பு, புங்கை, பூவரசு, ஆவாரை, எருக்கு, குப்பைமேனி, தும்பை, நாயுருவி, நெருஞ்சி, கோரை, அருகு, கீழாநெல்லி என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். எது மாட்டுக்கு ஆகும், எது ஆட்டுக்கு ஆகும், எது சளிக்கு, எது காமாலைக்கு என்பதும் சேர்ந்தே வந்தது. பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்த பலருக்கு இதில் பாதி தெரியாது. இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையிடம் எல்லாவற்றையும் "செடி" என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

முதல் வேலை, பெயர் சொல்வது. "குருவி" என்று சொல்லாமல், "கரிச்சான் பாரு, வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். "கூட்டமாத் தத்தித் தத்திக் கத்துதே, அது தவிட்டுக்குருவி." பிள்ளைக்குப் புரியுமா என்று யோசிக்க வேண்டாம். பத்துத் தடவை கேட்டால் பதினோராவது தடவை அதுவே சொல்லும்.

இரண்டாவது, இடம் சொல்கிற சொற்கள். "அங்க பாரு, அது பாரு" என்று விரல் நீட்டினால் பிள்ளை உங்கள் விரலைப் பார்க்கும். "புளியமரத்துக்குப் பின்னாடி, குட்டிச்சுவருக்கு மேல, வெள்ளைக் கோழிக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பின்னாடி, மேல, பக்கத்துல, நடுவில, உள்ளே, ஓரத்தில் என்பதெல்லாம் நாளைக்குக் கணக்கிலும் வாசிப்பிலும் தேவைப்படுகிற சொற்கள். அதோடு சொரசொர, வழவழ, பிசுபிசு, மொறமொற. நம் தமிழில் இருக்கிற இந்தச் சொற்களைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும். பேயத்தி இலையைத் தடவினால் சொரசொர, பூவரச இலையைத் தடவினால் வழவழ. தொட்டுக்கொண்டே சொன்னால் மறக்காது.

மூன்றாவது, கேள்வி. இங்கேதான் பெரியவர்கள் அதிகம் கெடுக்கிறோம். "இது என்ன? இது என்ன கலர்? எத்தனை?" என்று வரிசையாகக் கேட்டுப் பரீட்சை வைக்கிறோம். பிள்ளை பயந்து வாயை மூடிக்கொள்கிறது. அதற்குப் பதிலாக, பதில் ஒன்றுதான் என்று இல்லாத கேள்வியாகக் கேளுங்கள். "இந்த எறும்பெல்லாம் எங்க போகுதுன்னு நெனைக்கிற?" "கொக்கு ஏன் மாட்டுப் பின்னாடியே நடக்குது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். சின்னப் பிள்ளைக்கு யோசித்துச் சொல்ல அவ்வளவு நேரம் வேணும். "மாடு அதுக்கு அம்மா" என்று பிள்ளை சொல்லலாம். சிரிக்காதீர்கள், தப்பு என்று வெட்டாதீர்கள். "அப்படியா? வா, நின்னு பாப்போம்." மாடு கால் எடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளியும் பூச்சியும் கிளம்பும். கொக்கு லபக்கென்று பிடிக்கும். பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கட்டும்.

நமக்கே தெரியாததைப் பிள்ளை கேட்டால் என்ன செய்வது? "தெரியலையே சாமி, யாரைக் கேக்கலாம்?" என்று சொல்லலாம். டீச்சரைக் கேட்கலாம், ஆடு மேய்க்கிற தாத்தாவைக் கேட்கலாம். "சும்மா தொணதொணக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெண் பிள்ளைகளிடம் இதை அதிகம் சொல்கிறோம். ஆண் பிள்ளை கேட்டால் கெட்டிக்காரன், பெண் பிள்ளை கேட்டால் வாயாடி. "வெயில்ல போனா கறுத்துப் போயிடுவா" என்று அவளை மட்டும் வீட்டுக்குள் வைப்பதும் அப்படித்தான். பேங்க் மேனேஜர் முன்னால் நாம் முதல் தடவை பேச எவ்வளவு நடுங்கினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

வழியில் கிடைக்கிற பாடங்கள்

சிலவற்றை மட்டும் சொல்கிறோம். மீதியை நீங்கள் சேர்ப்பீர்கள்.

குழியானை. சில ஊரில் குழிநரி என்பார்கள். கோயில் மண்டபத்தின் ஓரம், திண்ணைக்குக் கீழே, மழை படாத பொடிமண்ணில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கும். அதன் அடியில் மண்ணுக்குள் ஒரு பூச்சி ஒளிந்திருக்கும். எறும்பு வழுக்கி உள்ளே விழுந்தால் மண்ணை வாரி எறிந்து கீழே சரிய வைத்துப் பிடிக்கும். இது வளர்ந்த பிறகு தட்டான் மாதிரி கண்ணாடி இறக்கையோடு பறக்கிற பூச்சியாக மாறிவிடும். ஒரு குழியின் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் உட்காருகிற பிள்ளைக்கு, பின்னாளில் வகுப்பில் கவனமாக உட்காரச் சொல்லித் தர வேண்டியதில்லை. துரும்பால் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். பூச்சியை நசுக்க விடாதீர்கள்.

தூக்கணாங்குருவிக் கூடு. பனைமரத்திலோ கிணற்றுப் பக்கத்துக் கருவேல மரத்திலோ தொங்கும். நாராய் நாராய்க் கிழித்துப் பின்னிக் கூடு கட்டுவது ஆண் குருவி. கட்டுகிற கூட்டைப் பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் குடியேறும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது சகோதரிகள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கீழே விழுந்த பழைய கூடு கிடைத்தால் பிள்ளை கையில் கொடுத்துப் பின்னலை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

நிழல். காலையில் பால்வாடிக்குப் போகும்போது நிழல் நீளமாக மேற்கே விழும். சாயங்காலம் திரும்பும்போது கிழக்கே விழும். மத்தியானம் காலடியில் ஒட்டிக்கொண்டு குட்டையாகிவிடும். "காலையில இருந்த நெட்டைப் பாப்பா எங்க போச்சு?" என்று கேளுங்கள். நாலு வயசுப் பிள்ளை தன் நிழலை எட்டு வைத்து அளக்கலாம். காலையில் இத்தனை எட்டு, மத்தியானம் இத்தனை எட்டு. கிழக்கு மேற்கும், நீளம் குட்டையும், எண்ணுவதும் ஒன்றாக வந்துவிடும்.

எண்ணிக்கை. ஒன்று முதல் நூறு வரை பாட்டாக ஒப்பிக்கிற பிள்ளையிடம் நாலு கல் எடுத்துத் தா என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. "நம்ம வீட்டுல எத்தன பேரு? ஆளுக்கு ஒரு இலை பொறுக்கு. அப்பாவுக்கு ஒண்ணு, அப்பத்தாவுக்கு ஒண்ணு..." என்று ஓர் ஆளுக்கு ஓர் இலையாக வைக்கப் பழகினால் எண் மனதில் நிற்கும். "அப்பா திருப்பூருக்குப் போயிட்டாங்க, அவங்க இலையை எடுத்துரு. இப்ப எத்தன?" கழித்தல் கணக்கு அவ்வளவுதான். இதுவரை இரண்டு மூன்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து வரை போதும். நூறுக்கு அவசரம் இல்லை.

பிரித்து அடுக்குவது. வழியில் பொறுக்கிய கூழாங்கல், புளியங்கொட்டை, ஓடு, இலை எல்லாம் வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் கொட்டட்டும். கல் ஒரு பக்கம், விதை ஒரு பக்கம். சின்னதிலிருந்து பெருசு வரை வரிசை. எப்படிப் பிரிப்பது என்று பிள்ளையே முடிவு செய்தால் இன்னும் நல்லது. "இதெல்லாம் அழகு, இதெல்லாம் அழகில்ல" என்று ஒரு பிள்ளை பிரித்ததாம். அதுவும் பிரிப்புதானே.

மழைக்குப் பிறகு. இந்த நாளை விட்டுவிடாதீர்கள். தெருவில் ஓடுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று அதன் கூடவே நடக்கலாம். இலை மிதக்கும், கல் முழுகும், காய்ந்த குச்சி மிதக்கும். முருங்கைக்காய் என்ன ஆகும்? போட்டுப் பார்க்கட்டும். செம்மண் தரையில் சிவப்பு வெல்வெட் துணி மாதிரி பட்டுப்பூச்சி ஊரும். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் தலைப்பிரட்டை இருந்தால் நாலைந்து நாளுக்கு ஒரு தடவை அதே பள்ளத்துக்குக் கூட்டிப் போங்கள். கால் முளைக்கிறதா என்று பார்க்கலாம்.

செய்வதற்கும் இருக்கிறது. பூவரச இலையைச் சுருட்டி நுனியை அமுக்கிப் பீப்பி ஊதுவது, பனை ஓலையில் காத்தாடி, நுங்குக் கூந்தலில் வண்டி. நாம் சின்ன வயதில் செய்தவைதான். ஓலைக் காத்தாடிக்கு முள் குத்துகிற வேலை மட்டும் உங்களுடையது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பத்தாகிட்ட சொல்லு, இன்னைக்கு என்னத்தப் பார்த்த?" பார்த்ததை வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் பின்னாளில் கட்டுரை எழுதுகிற திறமை. குச்சியாலோ கரித்துண்டாலோ தரையில் வரையவும் விடுங்கள். வரைந்தது மாடு மாதிரி இல்லை என்று சொல்ல வேண்டாம்.

செல்போன் பற்றி

பிள்ளை அழாமல் சோறு தின்னவும், நாம் வேலை முடிக்கவும் செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனி ஆளாக வீடு, காடு இரண்டையும் பார்க்கிறவருக்கு வேறு வழி தெரிவதில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவைத் தெரிந்துகொள்வோம். இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு செல்போன், டி.வி. எதுவும் வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நடப்பது, ஓடுவது, விளையாடுவது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 3 மணி நேரமாவது இருக்கணும். செல்போனில் யானை தெரியும், வாசனை வராது, தொட முடியாது. அது பேசும், ஆனால் பிள்ளை திருப்பிக் கேட்டால் பதில் சொல்லாது.

கவனமாக இருக்க வேண்டியவை

இதில் அசட்டை கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கண்மாயில் மண் எடுத்த பள்ளம், ஊருணிப் படி. இந்த மூன்றின் பக்கத்தில் பிள்ளை கையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். பெரிய பிள்ளையை நம்பிச் சின்னப் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்பவே கூடாது. ஊருக்குள் அப்படிக் கிணறு திறந்து கிடந்தால் பாடத்தை ஒத்தி வைத்துவிட்டு முதலில் ஊராட்சித் தலைவரைப் பாருங்கள்.

காட்டாமணக்குக் கொட்டை, ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தங்காய், குன்றிமணி இவையெல்லாம் விஷம். குறிப்பாகக் காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை மாதிரி தின்றுவிட்டுப் பிள்ளைகள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. "வாயில வைக்கக் கூடாத செடி" என்று இவற்றைக் காட்டிச் சொல்லித் தருவதும் ஒரு பாடம்தான். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், தின்ற காயையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

நாய் கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு ஏறும். பால்வாடியில் ஆண்டுக்கு இரண்டு தடவை தருகிற குடற்புழு மாத்திரையைத் தவற விடாதீர்கள். நடக்கிற நேரம் காலை 9 மணிக்கு முன்னால், இல்லையென்றால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு.

நடக்கும்போது தெரிந்துவிடும்

வீட்டுக்குள் தெரியாத சில விஷயம் வெளியே நடக்கும்போது தெரியும். கம்பி மேல் உட்கார்ந்த காக்கா மற்ற பிள்ளைகளுக்குத் தெரிகிறது, நம் பிள்ளைக்குத் தெரியவில்லை. பின்னால் வண்டி ஹார்ன் அடித்தால் திரும்பவில்லை. அடிக்கடி தடுக்கி விழுகிறது. இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா', 'பால் குடு' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று மாமியார் சொல்லலாம். சொல்லட்டும். நீங்கள் பால்வாடி டீச்சரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை பால்வாடிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அவர்கள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள், அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். காதோ கண்ணோ குறை இருந்தால் ஒரு வருஷம் முந்திக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும்.

குறை உள்ள பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டிப் போகாதீர்கள். நடக்க முடியாத பிள்ளையும் மடியில் இருந்தபடி வேப்பம்பூ வாசனை பார்க்கும். கண் தெரியாத பிள்ளைக்குக் குயிலும் செம்போத்தும் வேறு வேறு என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

குழுவில் பேச

கூட்டத்தில் இதையெல்லாம் பேசிப் பாருங்கள். நாம் பிள்ளையாக இருந்தபோது யாரோடு வெளியே நடந்தோம், என்ன கற்றோம்? நம் ஊரில் பிள்ளைகளோடு நடக்கப் பத்திரமான வழி எது, பத்திரமில்லாத இடம் எது? வாரம் ஒரு நாள் ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, டீச்சரோடு இரண்டு அம்மாக்கள் முறை வைத்துக் கூடப்போக முடியுமா? இரண்டு பேருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முறை வைப்பதாக முடிவு செய்தால் தீர்மானப் பதிவேட்டில் எழுதிப் பெயரும் கிழமையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது வாரமே நின்றுவிடும்.

ஊராட்சிப் பூங்கா பூட்டிக் கிடந்தாலோ, முள் மண்டிக் கிடந்தாலோ, கிணற்றுக்குச் சுவர் வேண்டும் என்றாலோ கிராம சபையில் கேளுங்கள். நம் மாநிலத்தில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவாகப் போய் எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வழியில் பொறுக்கிய ஐந்து பொருளைக் கொண்டுவந்து, அது என்ன, எங்கே கிடைத்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். கூச்சப்பட்டால் விட்டுவிடுங்கள், காட்டினால் போதும். பையில் காட்டாமணக்குக் கொட்டை இருக்கிறதா என்று மட்டும் ஊக்குநர் வாசலிலேயே பார்த்து வாங்கி வைத்துவிடவும்.